வேலண்ட்-புரோட்டோகால்ஸ் பொதியை 1.31இலிருந்து 1.36க்கு உயர்த்திய அனுபவம்

தமிழ் உரைக் கோப்புகளைப் பெரிய எழுத்தில் பக்கம் பக்கமாகப் படிப்பதற்கென்று நான் சி மொழியில் எழுதிப் பராமரித்துவரும் சிறிய நிரல் ஒன்று உண்டு. எழுத்துகளைப் பாங்கோ, கைரோ என்னும் நூலகங்கள் வரைகின்றன. வரைந்த படத்தை நிரல் பகிர்வு நினைவகத்தில் வைத்து, லினக்ஸின் வேலண்ட் சாளர முறையில் சாளரங்களைத் திரையில் காட்டும் நிரலான கம்போசிட்டரிடம் தானே நேரடியாக ஒப்படைக்கிறது. ஜிடிகே, க்யூட்டி போன்ற பெரிய நூலகங்கள் இடையில் இல்லாததால் பழைய கணினிகளிலும் அது உடனே திறக்கும். அதனாலேயே, அந்நூலகங்கள் வழக்கமாகக் கவனித்துக்கொள்ளும் சில்லறை வேலைகள் அனைத்தும் என் தலையில் விழுகின்றன. சுட்டிக்குறியை வரைவது அவற்றில் ஒன்று.

பிளாஸ்மா 6 என்னும் மேசைச் சூழலைப் பயன்படுத்தும் நண்பர் ஒருவர், தம் மடிக்கணினியின் திரையை 150 விழுக்காடு உருப்பெருக்கத்தில் வைத்திருக்கிறார். சுட்டிக்குறி என் நிரலின் சாளரத்துக்குள் நுழைந்தவுடன் அதன் அளவு மாறிவிடுகிறது என்றும், வெளியே வந்தால் பழைய அளவுக்குத் திரும்புகிறது என்றும் அவர் தெரிவித்தார். காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. வேலண்டின் அடிப்படை நெறிமுறையில், தன் சாளரத்தின்மேல் சுட்டிக்குறி எப்படித் தோன்ற வேண்டும் என்பதற்கான படத்தை நிரலே கொடுக்க வேண்டும். அதற்காக நிரல், வட்டிலுள்ள சுட்டிக்குறித் தொகுப்பைத் திறந்து, சூழல் மாறி ஒன்றில் குறித்திருக்கும் அளவில் ஒரு படத்தை எடுத்து, முழு எண் மடங்கில் மட்டும் பெருக்கி அனுப்புகிறது. 1.5 என்ற மடங்குக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. கம்போசிட்டர் தான் வரையும் சுட்டிக்குறிக்கு ஓர் அளவையும், என் நிரல் வேறோர் அளவையும் கணக்கிட, எல்லைக்கோட்டைக் கடக்கும்போது வேறுபாடு கண்ணில் படுகிறது.

இதற்கான தீர்வு ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருந்தது. கர்சர்-ஷேப்-வி1 என்னும் நீட்சி நெறிமுறையில் நிரல் படம் எதையும் அனுப்ப வேண்டியதில்லை. 'உரைக்கான சுட்டிக்குறி', 'கைவிரல் சுட்டிக்குறி' என்று வடிவத்தின் எண்ணைச் சொன்னால் போதும், கம்போசிட்டர் தன் தொகுப்பிலிருந்து, தன் அளவில், தானே வரைந்துகொள்ளும். முதல் பதிப்பில் 34 வடிவங்கள் உள்ளன. இணையப் பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் மொழி பயன்படுத்தும் பெயர்களே அவற்றுக்கும் வைக்கப்பட்டுள்ளன. இந்நெறிமுறை, இத்தகைய நீட்சிகள் அடங்கிய வேலண்ட்-புரோட்டோகால்ஸ் பொதியின் 2023இல் வெளியான 1.32ஆம் பதிப்பில் சேர்ந்தது. நான் நிரலைத் தொகுக்கும் கணினியில் இருப்பது டெபியன் 12 என்னும் லினக்ஸ் இயங்குதளம். அதன் களஞ்சியத்தில் உள்ள பதிப்பு 1.31. ஒரே ஒரு படிதான் குறைவு. பொதியை உயர்த்திவிட்டுச் சில வரிகள் சேர்த்தால் ஒரு மாலைக்குள் வேலை முடிந்துவிடும் என்று எண்ணி உட்கார்ந்தேன். பொதி அந்த மாலையே தயாராகிவிட்டது. அதை உயர்த்தியதன் விளைவுகளைச் சரிசெய்வதற்குத்தான் ஒரு வாரம் ஆயிற்று. இப்பதிவை எழுதுவதும் அந்த விளைவுகளுக்காகவே.

முதலில் இப்பொதிக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பின்னால் நடந்த அனைத்தும் அதிலிருந்தே கிளைக்கிறது. வேலண்டை 2008இல் கிறிஸ்டியான் ஹோக்ஸ்பெர்க் தொடங்கினார். 1980களிலிருந்து வழக்கத்தில் இருந்த எக்ஸ் சாளர முறையில், திரைக்கும் நிரல்களுக்கும் நடுவே தனியாக ஒரு சேவையகம் இருந்தது. வேலண்டில் சாளரங்களை ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டும் கம்போசிட்டரே சேவையகமாகவும் இருக்கிறது. நிரலும் கம்போசிட்டரும் பேசிக்கொள்ளும் மொழியின் அடிப்படைப் பகுதி, வேலண்ட் நூலகத்தோடு ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக வருகிறது. அதற்கு மேற்பட்ட அனைத்தும், அதாவது சாளரத்தைப் பெரிதாக்குவது, பின்ன மடங்கில் உருப்பெருக்குவது, வரைபலகைப் பேனாவைக் கையாள்வது, திரையைப் பூட்டுவது போன்றவை, தனித்தனி எக்ஸ்எம்எல் கோப்புகளாக வேலண்ட்-புரோட்டோகால்ஸ் பொதியில் இருக்கின்றன. அப்பொதியில் இயங்கக்கூடிய நிரல் எதுவும் இல்லை, நூலகமும் இல்லை. எந்தக் கோரிக்கையை யார் அனுப்பலாம், அதற்கு எந்த நிகழ்வு திரும்ப வரும், ஒவ்வொன்றிலும் எத்தனை மதிப்புகள், எந்தப் பதிப்பிலிருந்து அவை செல்லும் என்று எழுதிவைத்த ஒப்பந்தப் பத்திரங்கள் மட்டுமே அதில் உள்ளன. வேலண்ட்-ஸ்கேனர் என்னும் கருவி அப்பத்திரத்தைப் படித்து, சி மொழித் தலைப்புக் கோப்பு ஒன்றையும் இணைப்பு நிரல் கோப்பு ஒன்றையும் ஆக்கித் தருகிறது. அவை ஒவ்வொரு நிரலோடும் சேர்த்துத் தொகுக்கப்படுகின்றன.

1.36 பொதிக்குள் கோப்புகள் மூன்று அடைவுகளில் பிரிந்திருக்கும்: நிலையானவை, ஸ்டேஜிங் என்னும் இடைநிலையில் உள்ளவை, நிலையற்றவை. நிலையற்றவற்றின் இடைமுகப் பெயர்கள் ஆங்கில இஸட் எழுத்தில் தொடங்கும். அப்பதிப்பின் காலத்தில் புதிதாக வந்தவை இடைநிலை அடைவில்தான் சேர்ந்தன. பெயரின் இறுதியில் வி1 என்ற ஒட்டு இருக்கும். பழையதோடு ஒத்துவராத மாற்றம் தேவைப்பட்டால் வி2 என்று புதிதாகத்தான் தொடங்க வேண்டும். எந்த நெறிமுறையும் அவசரமாக உள்ளே வருவதில்லை. வண்ண மேலாண்மைக்கான நெறிமுறை 2020இல் விவாதத்துக்கு வைக்கப்பட்டு, 2025இல் வெளியான 1.41ஆம் பதிப்பில்தான் இடம்பெற்றது. அந்தத் தாமதத்தைக் குறைசொல்வோர் உண்டு. எழுதி வெளியிட்ட ஒப்பந்தத்தைப் பின்னர் திருத்த முடியாது என்னும் நிலையில், ஐந்து ஆண்டு விவாதம் எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

உயர்த்துவதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. எனக்குத் தேவையானது ஒரே ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. அதை என் மூலநிரல் அடைவிலேயே நகலெடுத்து வைத்துக்கொண்டால் பொதியைத் தொடவே வேண்டாம். பல திட்டங்கள் அவ்வாறே செய்கின்றன, உரிமமும் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அதே கணினியில் நான் தொகுக்கும் வேறு இரண்டு நிரல்களுக்கும் புதிய நெறிமுறைகள் தேவைப்படும் நாள் தொலைவில் இல்லை. மூன்று இடங்களில் மூன்று நகல்கள் மூன்று வெவ்வேறு பதிப்புகளில் கிடப்பதை விட, கணினிக்கு ஒரே பொதி என்பதே பராமரிப்புக்கு ஏற்றது என்று கருதினேன். எந்தப் பதிப்பு என்பது அடுத்த கேள்வி. 1.32 போதும் என்றாலும், வரைபலகைக்கான டேப்லெட்-வி2 நெறிமுறை 1.35இல் நிலையான அடைவுக்கு நகர்ந்திருந்தது. கர்சர்-ஷேப்புக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதை எக்ஸ்எம்எல் கோப்பில் மேலோட்டமாகப் பார்த்திருந்ததால், அந்த மாற்றத்துக்குப் பின் வந்த 1.36ஐத் தேர்ந்தேன். தொடர்பு இருக்கிறது என்று பார்த்தவன், அது எத்தகையது என்பதையும் அப்போதே படித்திருக்கலாம்.

பொதியாக்கும் வேலை எளிது. டெபியன் 12இன் மூலப்பொதியை அதன் பொதி இறக்கும் கருவியான ஆப்ட் வழியாக இறக்கி, அதிலுள்ள டெபியன் அடைவை மட்டும் எடுத்துக்கொண்டேன். 1.36இன் மூலக் கோப்புத்தொகுப்பை வேலண்ட் திட்டத்தின் களஞ்சியத்திலிருந்து இறக்கி, அதனுடன் வரும் கையொப்பத்தைச் சரிபார்த்து, டெபியனின் பெயரிடும் முறைப்படி பெயர் மாற்றி, அந்த அடைவை உள்ளே வைத்தேன். மாற்றப் பதிவேட்டில் புதிய பதிவு எழுதும்போது, பதிப்பு எண்ணின் இறுதியில் ~ குறியைச் சேர்த்து அதன்பின் என் ஒட்டை இட்டேன். டெபியனின் ஒப்பீட்டு முறையில் ~ குறி வெறுமையை விடவும் தாழ்ந்தது; ஆகவே டெபியன் தானே என்றாவது 1.36ஐ வெளியிட்டால் அதுவே என் பொதியை விட உயர்ந்ததாகக் கொள்ளப்பட்டு, என்னுடையது தானாக விலகிவிடும். இக்கணினி பின்னர் டெபியன் 13க்குப் போகும்போது அங்குள்ள 1.44 எப்படியும் இதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கையால் ஆக்கும் பொதிகள் நிரந்தரமாகத் தங்கிவிடாமல் இருக்க இந்த ஒரு குறியே போதுமானது.

தொகுத்தல் என்று சொல்வதற்கு அதில் அதிகம் இல்லை, ஏனெனில் கோப்புகளை உரிய இடத்தில் வைப்பதுதான் தொகுத்தலை நடத்தும் கருவியான மெசான் செய்யும் முதன்மை வேலை. ஆனால் அதனுடன் வரும் சோதனைகளை நிறுத்திவிடாமல் ஓடவிடுவது நல்லது. அவை ஒவ்வோர் எக்ஸ்எம்எல் கோப்பையும் கணினியிலுள்ள வேலண்ட்-ஸ்கேனரிடம் கொடுத்து, வெளிவரும் நிரலைச் சி மொழியாகவும் சி++ மொழியாகவும் கம்பைலரிடம் சோதித்துப் பார்க்கின்றன. டெபியன் 12இல் உள்ள ஸ்கேனர் 1.21ஆம் பதிப்பு. நெறிமுறைக் கோப்புகள் புதியவையாகவும் ஸ்கேனர் பழையதாகவும் இருக்கும்போது, எக்ஸ்எம்எல்லில் புதிதாகச் சேர்ந்த பண்புகள் பழைய ஸ்கேனருக்குத் தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. அவ்வாறு நேர்ந்தால், தன்னுள் பதிந்துள்ள இலக்கணத்தோடு கோப்பு பொருந்தவில்லை என்று ஸ்கேனர் நட்சத்திரக் கட்டம் போட்டு எச்சரிக்கும். கண்டிப்பு முறையில் ஓட்டினால் அங்கேயே நின்றுவிடும். 1.36இல் அத்தகைய எச்சரிக்கை எதுவும் வரவில்லை. சோதனைகள் அனைத்தும் தேறின. உள்ளே உரைக் கோப்புகள் மட்டுமே என்பதால் பொதி எந்தக் கட்டமைப்பையும் சாராதது; மேசைக் கணினியில் ஆக்கிய அதே கோப்பை என்னிடமுள்ள ராஸ்பெர்ரி பை பலகையிலும் நிறுவிக்கொண்டேன்.

நிறுவி முடித்து, நிறுவியுள்ள பொதிகளின் பதிப்பையும் இடத்தையும் தொகுத்தலுக்குச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் பதிப்பு எண்ணைக் கேட்டேன். 1.36 என்று வரவேண்டிய இடத்தில் 1.20 என்று வந்தது.

முந்தைய பதிப்பான 1.31 என்று வந்திருந்தால் நிறுவலில் பிழை என்று கொண்டிருப்பேன். 1.20 எங்கிருந்து வந்தது என்பது முதலில் விளங்கவில்லை. பிகேஜி-கான்ஃபிக் தான் படிக்கும் கோப்பு எந்த அடைவில் இருக்கிறது என்பதையும் ஒரு மாறியில் வைத்திருக்கும். அதைக் கேட்டபோது யூஎஸ்ஆர்-லோக்கல் அடைவைக் காட்டியது. அப்போதுதான் நினைவு வந்தது. இதே கணினி டெபியன் 10ஆக இருந்த காலத்தில், ஏதோ ஒரு சோதனைக்காக 1.20ஐ மூலநிரலிலிருந்து நேரடியாக அங்கே நிறுவியிருந்தேன். அதன்பின் கணினி 11ஆகி, 12ஆகியது. பொதி மேலாளரின் பதிவேட்டில் இல்லாத கோப்புகளை எந்த மேம்படுத்தலும் தொடுவதில்லை. டெபியனில் பிகேஜி-கான்ஃபிக் லோக்கல் அடைவையே முதலில் தேடுவதால், களஞ்சியப் பொதி 1.20ஐக் கடந்து 1.31 ஆன பிறகும் என் நிரல் இத்தனை ஆண்டுகளும் பழைய 1.20ஐ வைத்தே தொகுக்கப்பட்டு வந்திருக்கிறது. ஐந்து படிகள் ஏறுகிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்த நான், உண்மையில் பதினாறு படிகள் ஏறப்போகிறேன் என்பது அந்த ஒரு விடையில் தெரிந்தது. அதன் முழுப் பொருளை நான் அப்போது உணரவில்லை.

பழைய தொகுத்தல் அடைவு அழிந்துபோயிருந்ததால், நிறுவலைத் திரும்பப்பெறும் கட்டளைக்கு வழியில்லை. நல்வேளையாக, இப்பொதி இரண்டே இடங்களில்தான் கோப்பு வைக்கும்: நெறிமுறைகளுக்கான அடைவு ஒன்று, பிகேஜி-கான்ஃபிக்குக்கான சிறு கோப்பு ஒன்று. அவை எந்தப் பொதிக்கும் உரியவை அல்ல என்பதைப் பொதி மேலாளரான டிபிகேஜியிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, கையால் நீக்கினேன். இப்போது 1.36 என்று வந்தது. ஆயினும் என் நிரலின் தொகுத்தல் அடைவு பழைய பாதையையே பிடித்துக்கொண்டிருந்தது. மெசான் ஒருமுறை கண்டறிந்த சார்புகளை நினைவில் வைத்துக்கொள்வதே காரணம். தொகுத்தல் அடைவை முழுதாகத் துடைத்து மறுபடி அமைத்த பிறகே புதிய கோப்புகள் எடுத்துக்கொள்ளப்பட்டன.

கர்சர்-ஷேப்புக்கான வரிகளைச் சேர்த்துத் தொகுத்தேன். கம்பைலர் எதுவும் சொல்லவில்லை; கடைசிக் கட்டத்தில், தொகுத்த துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் நின்றது. டேப்லெட் கருவி வி2 என்னும் இடைமுகத்தின் வரையறை எங்கும் கிடைக்கவில்லை என்பது அதன் புகார். என் நிரலுக்கும் வரைபலகைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து, இம்முறை முழுதாகப் படித்தேன். சுட்டிக்குறி வடிவத்தைக் கேட்பதற்கான மேலாளர் இடைமுகத்தில் இரண்டு வழிகள் உள்ளன: சுட்டியைக் கொடுத்துக் கேட்பது ஒன்று, வரைபலகையின் பேனாவைக் கொடுத்துக் கேட்பது மற்றொன்று. இரண்டாவது கோரிக்கையின் மதிப்புகளில் ஒன்று, டேப்லெட்-வி2 நெறிமுறையில் வரையறுக்கப்பட்ட பொருள். நான் அக்கோரிக்கையை ஒருபோதும் அனுப்பாவிட்டாலும், ஸ்கேனர் ஆக்கித் தரும் இணைப்பு நிரலில் கோரிக்கைகளின் அட்டவணை முழுதாக இருக்கும். அவ்வட்டவணை பேனாவின் இடைமுகத்தைச் சுட்டும். சுட்டப்பட்ட இடத்தில் ஏதாவது இருந்தாக வேண்டும். ஆகவே டேப்லெட்-வி2 கோப்பையும் ஸ்கேனரிடம் கொடுத்து, அதன் இணைப்பு நிரலையும் சேர்த்துத் தொகுப்பதே முறை.

அதைச் செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலையான அடைவுக்கு நகர்ந்த பிறகும், பழைய பாதையை நம்பியிருக்கும் நிரல்களுக்காக நிலையற்ற அடைவிலும் அதே நெறிமுறையின் கோப்பு விட்டுவைக்கப்பட்டுள்ளது. நிலையானதாக உயர்ந்தாலும் இடைமுகப் பெயர்கள் மாறவில்லை. முன்பு போலவே இஸட் எழுத்தில்தான் தொடங்குகின்றன. பெயரை மாற்றியிருந்தால் நெறிமுறையே வேறாகி, இயங்கிக்கொண்டிருந்த நிரல்கள் அனைத்தும் முறிந்திருக்கும். ஆனால் இரண்டு கோப்புகளும் ஒரே பெயர்களை வரையறுப்பதால், இரண்டையும் ஒரே நிரலில் சேர்த்தால் ஒரே பெயருக்கு இரண்டு வரையறை என்று லிங்கர் மறுபடி நிற்கும். நான் நிலையானதை மட்டும் எடுத்து, 1.35க்குக் குறைந்த பதிப்பு இருந்தால் தொகுத்தலே தொடங்கக் கூடாது என்ற நிபந்தனையையும் மெசான் கோப்பில் எழுதினேன்.

நிரல் தொகுந்து ஓடியது. என் கணினியில் எந்த மாற்றமும் தெரியவில்லை, தெரியவும் கூடாது. நான் பயன்படுத்தும் கம்போசிட்டரான டெபியன் 12இன் ஸ்வே 1.7, கர்சர்-ஷேப் நெறிமுறை வருவதற்கு முன்பே வெளியானது. ஒப்பந்தப் பத்திரத்தை என் கணினியில் வைத்துவிட்டதால், எதிர்த்தரப்பு அதில் கையெழுத்திட்டதாக ஆகிவிடாது. நிரல் தொடங்கும்போது கம்போசிட்டர் தன்னிடமுள்ள இடைமுகங்களைப் பதிப்பு எண்களுடன் அறிவிக்கிறது. வேலண்ட்-இன்ஃபோ என்னும் கருவி அப்பட்டியலை அப்படியே காட்டும். அதில் கர்சர்-ஷேப் இல்லையெனில் பழைய முறையில் படத்தை ஏற்றிக் காட்டும் வழியை நிரலில் விட்டுவைத்தே ஆக வேண்டும். அவ்வழி சரியாக வேலை செய்வதை உறுதிசெய்துகொண்டு, தொகுத்த நிரலை நண்பருக்கு அனுப்பினேன்.

அவரிடம் சாளரமே திறக்கவில்லை. நிரல் தொடங்கிய கணத்தில், சாளரத்துக்குரிய எக்ஸ்டிஜி-டாப்லெவல் இடைமுகத்தின் குறிப்பிட்ட எண்ணுடைய நிகழ்வுக்கான செயற்கூறு வெறுமையாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுபோனது. முந்தைய பதிப்பு அதே மடிக்கணினியில் சுட்டிக்குறிக் கோளாறு தவிர வேறு குறையின்றி ஓடியிருந்தது. நான் எக்ஸ்டிஜி தொடர்பான ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. சுட்டிக்குறிக்காகச் சேர்த்த வரிகளை நீக்கிவிட்டு அனுப்பிப் பார்த்தேன். அப்போதும் அதே முடிவு. மூலநிரல் முந்தையதுதான், தொகுத்த சூழல் மட்டுமே மாறியிருக்கிறது. அந்த நிலையில்தான் 1.20 என்ற எண் மீண்டும் நினைவுக்கு வந்தது.

நடந்தது இதுதான். சாளரங்களின் அடிப்படை நடத்தையை வரையறுக்கும் எக்ஸ்டிஜி-ஷெல் நெறிமுறைக்கு, பொதியின் பதிப்பைச் சாராத தனிப் பதிப்பு எண் உண்டு. 1.20 பொதியில் அது 3, 1.36 பொதியில் அது 6. இடையில் சாளரத்துக்கான நிகழ்வுகள் இரண்டு சேர்ந்துள்ளன. எக்ஸ்எம்எல்லில் வரும் வரிசைப்படி எண்ணினால், அளவை அறிவிக்கும் நிகழ்வு 0, மூடச்சொல்லும் நிகழ்வு 1. சாளரம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பைச் சொல்லும் நிகழ்வு 2. அது 4ஆம் பதிப்பில் வந்தது. பெரிதாக்குதல், சிறிதாக்குதல் போன்றவற்றில் எவற்றைக் கம்போசிட்டர் செய்துதரும் என்று தெரிவிக்கும் நிகழ்வு 3. அது 5ஆம் பதிப்பில் வந்தது. என் நிரலில் முதலிரண்டுக்கு மட்டுமே செயற்கூறுகள் இருந்தன.

பதிப்பு எண் எப்படி முடிவாகிறது என்பதே இங்கு முக்கியம். கம்போசிட்டர் தன்னால் இயன்ற உச்சப் பதிப்பை அறிவிக்கும். நிரல் அதற்கு மிகாத ஓர் எண்ணைக் கேட்டுப் பெறும். அறிவித்ததை விட உயர்ந்த எண்ணைக் கேட்டால் நெறிமுறைப் பிழையென்று இணைப்பு துண்டிக்கப்படும். அதைத் தவிர்க்க, அறிவிக்கப்பட்ட எண், ஸ்கேனர் ஆக்கிய தலைப்புக் கோப்பில் உள்ள எண் ஆகிய இரண்டில் சிறியதை எடுக்கும்படி எழுதியிருந்தேன். பார்ப்பதற்கு ஒழுங்கான வரி. பல எடுத்துக்காட்டு நிரல்களிலும் இதைக் காணலாம். ஆனால் தலைப்புக் கோப்பில் உள்ள எண், நெறிமுறையை எழுதியவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்கிறதே தவிர, என் நிரலுக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்வதில்லை. பொதி 1.20ஆக இருந்தவரை அது 3 என்றது, என் நிரலும் 3க்கு ஏற்ப எழுதப்பட்டிருந்தது. இரண்டும் தற்செயலாகப் பொருந்தியிருந்தன. பொதியை உயர்த்தியதும், மூலநிரலில் ஓர் எழுத்தும் மாறாமலே, 'எனக்கு 6ஆம் பதிப்பு வரை தெரியும்' என்று நிரல் கம்போசிட்டரிடம் வாக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. பிளாஸ்மா 6 அந்த வாக்கை நம்பிப் புதிய நிகழ்வுகளை அனுப்பியது. வேலண்ட் நூலகம், செயற்கூறு இல்லாத நிகழ்வு வந்தால் அதைப் புறக்கணிப்பதில்லை, நிரலையே நிறுத்திவிடும். என் கணினியில் இக்கோளாறு வெளிப்படாததற்குக் காரணம், அங்குள்ள பழைய ஸ்வே தாழ்ந்த பதிப்பையே அறிவித்ததுதான்.

கம்பைலர் ஏன் எச்சரிக்கவில்லை என்றும் பார்த்தேன். நிகழ்வுகளுக்கான செயற்கூறுகளை ஒரு கட்டமைப்பில், உறுப்பின் பெயரைச் சொல்லி நிரப்புவதே வழக்கம். அப்படிப் பெயர் சொல்லி நிரப்பும்போது விடுபட்ட உறுப்புகள் தாமாக வெறுமையாகிவிடும். விடுபட்ட உறுப்புகளுக்கான ஜிசிசி கம்பைலரின் எச்சரிக்கை, சி மொழியில் இம்முறைக்குப் பொருந்துவதில்லை. ஆக, தொகுக்கும் கட்டத்தில் இதைப் பிடித்துத்தர எவரும் இல்லை. புதிய கம்போசிட்டரில் ஓட்டிப் பார்ப்பது ஒன்றே வழி.

திருத்தம் இரண்டு பகுதி. தலைப்புக் கோப்பின் எண்ணை ஒப்பிடும் வரிகள் அனைத்தையும் தேடி எடுத்து, ஒவ்வோர் இடைமுகத்துக்கும் நான் உண்மையில் எழுதி முடித்திருக்கும் பதிப்பை மூலநிரலிலேயே எண்ணாகக் குறித்தேன். அவ்வாறு ஆறு இடங்கள் இருந்தன. மற்ற ஐந்தும் இன்றோ நாளையோ இதே விதமாக முறியக் காத்திருந்தவை. அவற்றில் சில, வேலண்டின் அடிப்படை நெறிமுறையைச் சேர்ந்தவை என்பதால், இந்தப் பொதியைத் தொடாமல் வேலண்ட் நூலகத்தை மட்டும் உயர்த்தியிருந்தாலும் முறிந்திருக்கும். இரண்டாவதாக, புதிய நிகழ்வுகள் இரண்டுக்கும் செயற்கூறுகள் எழுதினேன். வெற்றுச் செயற்கூறு வைத்துச் சமாளிக்கலாம் என்றாலும், வரம்பைச் சொல்லும் நிகழ்வு என் நிரலுக்கு உண்மையிலேயே பயன்படுவது: பெரிய எழுத்தைத் தேர்ந்தவர்களுக்குச் சாளரம் திரையைத் தாண்டி விரிந்துவிடுகிறது என்ற பழைய குறை அதனால் தீர்ந்தது.

நண்பரை ஒவ்வொரு முறையும் தொந்தரவு செய்ய மனமில்லாமல், மெய்நிகர் கணினி ஒன்றில் டெபியன் 13ஐயும் பிளாஸ்மாவையும் நிறுவிக்கொண்டேன். வேலண்ட்-டீபக் என்னும் சூழல் மாறியை இயக்கி நிரலை ஓட்டினால், இருபுறமும் செல்லும் ஒவ்வொரு செய்தியும் முனையத்தில் வரிவரியாக வரும். எந்த இடைமுகத்தை எந்தப் பதிப்பில் நிரல் கேட்டுப் பெற்றது என்பதை அதில் நேரடியாகக் காணலாம். எக்ஸ்டிஜி-ஷெல்லுக்கு எதிரே 5 என்று வந்ததைப் பார்த்த பிறகே எனக்கு நிம்மதி. கர்சர்-ஷேப்பில் செய்திருந்த ஒரு பிழையும் அதே வரிகளில் அகப்பட்டது. வடிவத்தைக் கேட்கும்போது, சுட்டிக்குறி சாளரத்துக்குள் நுழைந்த நிகழ்வோடு வந்த வரிசை எண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நானோ கடைசியாக அழுத்திய பொத்தானின் வரிசை எண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எண் பொருந்தாத கோரிக்கையைக் கம்போசிட்டர் பிழை எதுவும் சொல்லாமல் விட்டுவிடுவதால், அச்சடித்த வரிகளைப் பார்க்காமல் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

திருத்திய நிரலை நண்பர் ஓட்டிப் பார்த்தார். 150 விழுக்காட்டிலும் 125 விழுக்காட்டிலும் சுட்டிக்குறி உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவில் இருக்கிறது. எக்ஸ்டிஜி-ஷெல்லின் 6ஆம் பதிப்பில், சாளரம் எவர் கண்ணிலும் படாத நிலையில் இருப்பதைத் தெரிவிக்கும் குறிப்பு ஒன்று சேர்ந்துள்ளது. மடிக்கணினியின் மின்கலத்தைக் கருதி, அக்குறிப்பு வந்ததும் பக்கத்தை வரைவதை நிறுத்திவைக்கும் பகுதியைத் தனிக் கிளையில் எழுதிவருகிறேன். அது முடியும்வரை மூலநிரலில் 5 என்ற எண் அப்படியே இருக்கும்.